தவளைதான் முதலில் போனது

என்னோடு கூடப்பிறந்த றபீக் காக்கா, அந்தத் தவளையைக் கொன்றது நான்தான். கடல் உங்களைக் கொண்டுபோய் நாற்பது நாளாகிவிட்டது. இனியும் எனக்காக நீங்கள் பழியேற்க ஏலாது.

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. ஆனால் பதினாலு வயதில் எனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை (என்று நினைப்பு).

நீங்கள் கிண்ணியாவில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, தூண்டில்காரருக்கு உயிர் இறால் பிடித்துக் கொடுத்த காலம். கண்டியிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்கார ஐயா வந்து அக்கரையில் ஓர்ஸ் ஹில் மேட்டில் தங்கியிருந்தார். அவருக்கு ஒரு தவளையும் ஒரு வௌவாலும் வேண்டும். "ரெண்டு சாதியும் அழிஞ்சு போகுது. எது முதல்ல போகும் எண்டு ஒப்பிட்டுப் பாக்கணும்," என்றார். இரண்டையும் உயிரோடு கொடுத்தால் உங்களுக்கு அவரோடு நிரந்தர வேலை. கடலில் இறங்கத் தேவையில்லை. உம்மா அதற்காக நோன்பே பிடித்தார்.

மூன்று கிழமை அலைந்து காட்டு ஊற்றடியில் ஒரேயொரு தவளை பிடித்தீர்கள். மறுநாள் காலை, யுத்தகாலத்தில் எண்ணெய் சேமித்து இப்போது வெறுமையாய்க் கிடக்கும் இரும்புத் தாங்கிக்குள் தொங்கிய ஒரு வௌவால். தவளையைப் பானையிலும் வௌவாலைத் துணிப்பையிலும் விட்டுவிட்டு நீங்கள் நல்ல சேட் உடுத்தப் போனீர்கள்.

பைக்குள் வௌவால் துடித்தது. எனக்குப் பாவமாக இருந்தது. இறால் சாகாமல் இருக்க ஈரச்சாக்கில் போடுவோம். எங்கள் வீட்டில் எல்லா உயிருக்கும் அதுதான் வைத்தியம். இருந்ததோ ஒரு சாக்கு. இரண்டையும் அதற்குள் விட்டேன். (துணைக்குத் துணையுமாச்சு.)

தோணியேறிப் போய், ஐயாவின் கதிரைக்கு முன்னால் சாக்கை அவிழ்த்தோம். வௌவால் இருந்தது. அதன் வாயில் ஒரு கால் இருந்தது.

"தவளை எங்க?" என்றார் ஐயா.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். தவளை தின்னும் வௌவாலும் உண்டென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நான்தான் ஐயா ஒண்டாப் போட்டனான்," என்றீர்கள். பிறகு மெதுவாக, "ஒப்பிட்டுப் பாத்தாச்சி. தவளைதான் முதல்ல போனது."

ஐயா சிரிக்கவில்லை. வேலை போனது. திரும்பும்போது தோணியில், "அழாத புள்ள, வௌவாலுக்காவது வயிறு நிறைஞ்சிச்சி," என்றீர்கள்.

அன்றிலிருந்து வீட்டில் சீப்பைக் காணவில்லை என்றாலும் "வௌவாலக் கேளு"தான். நேற்று உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி விருந்து வைத்தபோது, இனிப்புக்குச் செய்த வட்டிலப்பத்தில் கடைசித் துண்டைக் காணவில்லை. உம்மா தன்னை மறந்து "வௌவாலக் கேளுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்போதுதான் நான் உண்மையைச் சொல்லி அழுதேன்.

"தெரியும் புள்ள," என்றார் உம்மா. "அவன் அண்டைக்கே சொன்னவன். உன்ன ஏசக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவன்."

இதை வாசிக்கிறவர்களே, எங்கள் றபீக் காக்காவுக்காக இறைவனிடம் ஒரு துஆ கேளுங்கள். கொஞ்சம் சிரித்திருந்தால் இரண்டு கேளுங்கள்.