மைக்செட் அண்ணனின் வயல்

உதியன்குளங்கரைப் பக்கம் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பயப்படாத ஒரே மனிதர் மைக்செட் அண்ணன்தான். நாங்கள் எல்லோரும் வீடு கட்டியவர்கள். பயந்து பயந்தே கட்டினோம்.

திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். வாடகை வீட்டில் அவர் ஆம்பிளிபயரைச் சோதித்தால் வீட்டுக்காரரின் கூரை ஓடு அதிரும். அடுத்த வாரம் மூட்டை கட்ட வேண்டும். அவர் மனைவி தங்கம் பாத்திரங்களைச் சாக்கிலிருந்து முழுதாக எடுத்ததே இல்லை. கடைசி வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: “ஓணத்துக்கு முந்தி சொந்த வீட்டுக்குப் பெர்மிட் காட்டும், கட்டி முடியிற வரைக்கும் இரும். இல்லேன்னா எறங்கும்.”

ஜங்ஷனுக்குப் பின்னால் அண்ணனுக்கு ஐந்து சென்ட் இடம் உண்டு. வழிக்கு அகலம் போதாது என்று பஞ்சாயத்து மறுத்தது. வேலியை உள்ளே தள்ளி நட்டார். கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடைவெளி போதாது என்றது. வரைபடத்தில் குழியை மூலைக்குத் தள்ளினார். பிறகு, ஆவணத்தில் அந்த இடம் வயல், வயலில் வீடு கூடாது என்றது.

ஒவ்வொரு மறுப்பையும் அண்ணன் ஆட்டோவின் மேல் கொம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, ஜங்ஷனில் திருவிழாக் குரலில் வாசித்தார். “பக்தகோடிகளே! நம்ம செக்ரட்டரி சாறு அருளிய மூணாவது காரணம்…”

எதிரே இருந்த ஆபீசிலிருந்து செக்ரட்டரி பாய்ந்து வந்தார். “என்ன ஓய், ஊரு முன்னால என்னைய நாறடிக்கப் பாக்கீரா?”

“நீங்க எழுதினதத்தானே சாறே வாசிச்சேன்? சத்தம் போதாதுன்னா இன்னொரு கொம்பு கெட்டட்டா?”

அது வயல் இல்லை என்று வேளாண் அதிகாரி வந்து பார்த்துச் சொன்னால் போதும். அவரோ “நாளைக்கு வாறேன்” என்று சொல்லியே ஓணத்தை நெருங்கவிட்டார். அண்ணன் வேறொரு மனு கொடுத்தார்: தன் வயலில் நெல் விதைக்க இலவச விதையும் மானியத்தில் பம்புசெட்டும் வேண்டும். மறுநாள் காலையிலேயே அதிகாரி வந்து நின்றார். ஒன்றைக் கொடுக்க ஆள் இல்லாத அரசாங்கத்தில், மறுக்க மட்டும் எப்போதும் ஆள் உண்டு.

நான் அப்போது ஒரு நாளிதழுக்குப் பஞ்சாயத்துச் செய்தி எழுதிவந்தேன். அன்று காலை ஜங்ஷன் சாயாக்கடையில் நின்றிருந்தபோது, எதிரே அண்ணன் நிறுத்திப் போயிருந்த ஆட்டோ மேலிருந்த கொம்பு திடீரென்று அதிகாரியின் குரலில் பேசியது.

“எங்க ஓய் வயல்?”

“நீங்க நிக்கியது வயலாக்கும் சாறே.”

செருப்பால் பாறையைத் தட்டும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. “வெளையாட்டா? இது முழுப் பாறையாக்கும்! நெல்லு என்ன, புல்லே மொளைக்காது. எந்தப் புத்திகெட்டவன் இத வயலுன்னு எழுதினான்?”

அண்ணனின் சட்டைப்பையில் வயரில்லாத மைக் இருந்தது. பஞ்சாயத்து ஆபீசின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. “எலே மக்கா, பாறைக்குப் பம்புசெட்டாம்!” என்று சிரித்த சாயாக்கடைக்காரர் பாலைச் சிந்தினார்.

ஊரே கேட்டதை அதிகாரி எழுதியும் கொடுக்க வேண்டியதாயிற்று. ஓணத்துக்கு இரண்டு நாள் முன்பு பெர்மிட் வந்தது.

அன்று மாலை ஆட்டோ ஜங்ஷனுக்கு வந்தது. செக்ரட்டரிக்கு இன்று என்ன கிடைக்கப்போகிறது என்று கூடி நின்றோம். அண்ணன் மைக்கை வாயருகே கொண்டுபோனார். பின்சீட்டில் தங்கம் பெர்மிட்டை மடியில் வைத்து, முகத்தை முந்தானையால் மூடியிருந்தார். கொம்பில் அண்ணனின் மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. கையில் சாயா ஆற, அதைக் கேட்டுக்கொண்டே நின்றோம்.