மூட்டைப்பூச்சி பாட்டு உன்னைப் பற்றியதல்ல

என் அன்புக்கும், போன வாரத்திலிருந்து கொஞ்சம் கவலைக்கும் உரிய தம்பிக்கு, அக்கா எழுதுவது.

இங்கு யாவரும் நலம். உன் அத்தானின் தொண்டை மட்டும் வழக்கத்துக்கு மாறாக மிகமிக நலம். எல்லா வில்லங்கமும் அங்கேதான் ஆரம்பம். உங்கள் நலத்தைப் போனிலேயே விசாரித்திருப்பேன். ஆனால் எப்போது கூப்பிட்டாலும் உன் மனைவி எடுத்து, "அவர் குளிக்கிறார் அண்ணி" என்கிறாள். ஒரு வாரமாக இடைவிடாமல் குளித்தால் தோல் என்னத்துக்கு ஆவது? ஆகவே இக்கடிதம்.

கோபம் அந்த ஆல்பத்தால்தான் என்று தெரியும். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேள். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது என்பதே எனக்கு எழுத உற்சாகமாக இருக்கிறது. நீ டிரம்ஸ் அடிக்க, அத்தான் அலற, இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய பங்க் ராக் குழு உங்களுடையது. கிட்டாரில் மூன்று இடம் பிடிக்கத் தெரிந்தால் போதும், கோபம் மட்டும் முப்பது பேருக்கு உண்டானது இருக்கவேண்டும் என்பது உங்கள் சங்கீதம். அப்படிக் கத்திக் கத்தித்தான் போன வருஷம் தொண்டை டாக்டரிடம் போய் நின்றோம். அந்தம்மா விளக்கடித்து உள்ளே பார்த்துவிட்டு, பக்கத்து அறை டாக்டரையும், "கொஞ்சம் வாங்களேன், இதைப் பாருங்க" என்று கூப்பிட்டார். "இனிமே கத்தக் கூடாது. பேசற மாதிரி வேணா பாடிக்கோங்க" என்றார். இவர் விடுவாரா? "அப்ப பங்க் என்னாகும் டாக்டர்?" "அதுக்கு ஒண்ணும் ஆகாது சார். உங்களுக்குத்தான் ஆகும்."

சரி, பேசற மாதிரியே பாடுவோம்னு தனியா ஒரு ஆல்பம் போட உட்கார்ந்தார் பாரு, அன்னைக்குப் போச்சு என் நிம்மதி. கத்தின காலத்துல இந்த வீட்டுல நான் மிக்ஸி போடலாம், பாத்திரத்தை உருட்டலாம், பக்கத்துலயே நின்னு இவரைத் திட்டலாம், ஒண்ணும் கேட்காது. மெல்லப் பாட ஆரம்பிச்சதும் ஃப்ரிட்ஜ் முனகுதுன்னு ஒயரைப் பிடுங்கினார், பால் திரிஞ்சது. சுவர்க்கடிகாரம் டிக்டிக்குங்குதுன்னு கழற்றிப் போர்வையில சுத்தி வெச்சார். நான் ஆபீசுக்கு லேட். கடைசியில துணி அலமாரிக்குள்ளயே மைக்கைக் கட்டிக்கிட்டு, கம்பளிக்கும் கோட்டுக்கும் நடுவுல நின்னு பாடினார். எனக்கு மாத்துத்துணி வேணும்னா ரெண்டு பாட்டுக்கு நடுவுல கதவைத் தட்டணும். மேல்வீட்டுக்காரர், இத்தனை வருஷமா துடைப்பக்கட்டையால தரையை இடிச்சு நம்மை அடக்கினவர், ஒரு நாள் பழமும் கையுமா வந்து நிக்கிறார். "சத்தமே இல்லியேம்மா, சாருக்கு என்னாச்சு? மனசைத் தளர விடாதீங்க" என்றார். அந்த நேரம் பார்த்து அலமாரிக் கதவைத் திறந்துகொண்டு இவர் வெளியே வர, மனுஷன் பழத்தைக்கூடக் கொடுக்காமல் ஓடிவிட்டார்.

பதிவை மெருகேற்ற ஒருத்தன் வந்தான். எந்தச் சத்தத்தையும் மடிப்பில்லாமல் தேய்த்துவிடுவதால் அவனுக்கு இஸ்திரி என்று பேர் வைத்தேன். "சார், உங்க மூச்சையெல்லாம் எடுத்துட்டேன்" என்றான் பெருமையாக. "அப்ப நான் செத்துப் போயா பாடறேன்?" என்றார் இவர். "கேக்கறதுக்குச் சுத்தமா இருக்கும் சார்" என்றான். பியானோ வந்தது. நாலு வயலின் வந்தது. உன் இடத்துக்கு ஒரு டிரம்ஸ் மிஷின் வந்தது. அது எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறதோ அதே வேகத்தில் முடிக்கிறது. நீயானால் நடந்து கிளம்பி, பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஓடி முடிப்பாய்.

ஆல்பம் பளிங்கு மாதிரி வந்தது. அதுதான் வம்பு. பழைய பாட்டில் ஒன்றாவது இருக்கட்டும் என்று மூட்டைப்பூச்சியைச் சேர்த்தார். அந்தப் பாட்டுக்கு ஊரே கையை உயர்த்திக் குதித்திருக்கிறது. வேலைநிறுத்தத்தில் ஒலிபெருக்கி கட்டிப் போட்டார்கள். அதில் சிந்துவது உழைப்பாளியின் ரத்தம் என்று ஒரு பேராசிரியர் பத்திரிகையில் இரண்டு பக்கம் எழுதினார். உண்மை என்னவென்றால், 'ரத்தம்' என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் யார் காதிலும் விழுந்ததில்லை. மிச்சத்தை நீ டிரம்ஸுக்கு அடியில் புதைத்துவிடுவாய். இப்போது ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி வந்து நிற்கிறது. 'ரெண்டு நாள்தான் என்று வந்தவனே, என் சோபாவில் வேர் விட்டவனே, கடைசி முட்டையைத் தின்றவனே, என் செருப்பில் உன் காலா?' எங்கள் ஆபீஸ் கேஷியரம்மா சாப்பாட்டு நேரத்தில் காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு, "ஏங்க, இந்த மூட்டைப்பூச்சி உங்க தம்பியா?" என்றாள். "சேச்சே, அது அரசாங்கம்" என்றேன். "இல்ல, எங்க வீட்டு விசேஷத்துக்கு வந்தப்போ அவருக்குத்தான் முட்டை பத்தல" என்றாள்.

தம்பி, அக்கா சொல்கிறேன், அது உன்னைப் பற்றியதல்ல. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நீ ரெண்டு நாள் தங்க வந்து ஒன்றரை வருஷம் தங்கியது தற்செயல். சோபா எல்லார் வீட்டிலும் இருக்கிறது. முட்டை உலகம் முழுக்க வேகிறது. மூன்றாவது சரணத்தில் 'விடிந்ததும் விடியாததுமாகக் கரண்டியால் குக்கரைத் தட்டும் இம்சையே' என்று வருவது அதிகார வர்க்கத்தை. அதிகார வர்க்கம் எதையெல்லாம் தட்டும் என்று யாருக்குத் தெரியும்? நான்காவது சரணத்தில் 'அக்கா செல்லமென்று ஆடாதே' என்று வருகிறதே, அதற்கு மட்டும் விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை. பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஆல்பம் அறிமுகம். சின்ன அரங்கம்தான். இவர் வாய் திறந்து உன்னைக் கூப்பிடமாட்டார். "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்கிறார். சொல்லிவிட்டு, போனை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாராட்டி எத்தனையோ பேர் எழுதுகிறார்கள், ஒன்றையும் படிப்பதில்லை. நேற்று சாப்பிடும்போது திடீரென்று, "அவன் கேட்டிருப்பானா?" என்றார். "கேட்டதாலதான் பேசல" என்றேன். "இல்ல... முழுசா கேட்டிருப்பானா?" என்றார். அப்புறம் தட்டை அளைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் உள்ளே போகவில்லை. இத்தனை காலம் மேடையில் இந்த மனுஷன் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் பின்னால் நீ இருந்தாய். சனிக்கிழமை திரும்பினால் ஒரு பெட்டி பச்சை விளக்கோடு முறைக்கும். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை சிவக்கத் தட்டினாலும், அது முன்னாலிருந்து வருகிற சத்தம்தானே.

ஆகையால் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் வந்துவிடு. வாசிக்கக்கூட வேண்டாம், சும்மா வந்து உட்கார். நீ ஒரு வாரமாகக் குளிப்பதாகச் சொல்லிச் சொல்லி அலுத்திருக்கும் உன் மனைவிக்கு என் அன்பு. உன் மகளுக்கு அத்தையின் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், கூடியவரை சத்தத்தோடு, நீண்ட காலம் வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
முட்டையைப் பற்றி எந்தக் காலத்திலும் வாய் திறக்காத
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் பார்த்து நீயே போன் செய்துவிட்டாய். இவ்வளவு எழுதியதை வீணாக்க மனம் வராமல் அனுப்புகிறேன். "பாட்டு உன்னைப் பத்தி இல்லடா" என்று நான் ஆரம்பித்ததும் என்ன சொன்னாய்? "என்னைப் பத்தித்தான்க்கா. முட்டை வரியே நான் எடுத்துக் கொடுத்ததுதான். அப்பல்லாம் அத்தானுக்குத் திட்டவே வராது." எனக்குத் தலை சுற்றிவிட்டது. "பின்ன எதுக்குடா கோவம்?" என்றேன். "இத்தனை வருஷம் நான் அடிக்க அடிக்கத் திட்டினார். இப்ப ஒரு மிஷினை வெச்சுக்கிட்டுத் திட்டியிருக்கார். என்னைத் திட்டறதுன்னா நான்தாங்க்கா வாசிக்கணும்" என்றாய். அத்தான் பக்கத்திலேயே காதை நீட்டிக்கொண்டிருந்தார் என்பது உனக்குத் தெரியாது. நான் போனை வைத்ததும் பேனாவைத் தேடி எடுத்தார். அந்தப் பாட்டுக்கு ஐந்தாவது சரணம் தயாராகிறது, ஒரு வாரம் போனை எடுக்காத ஒருவனைப் பற்றி. அது நீயேதான். குச்சிகளை மறக்காமல் கொண்டு வா.