எறும்பு கடித்த மாதிரி

ஒரு காட்டில் ஓர் அரசு ஆஸ்பத்திரி இருந்தது. காடு என்றால் சிங்கம், புலி எல்லாம் கர்ஜித்துக்கொண்டு திரியும் என்று நினைப்பீர்கள். இந்தக் காட்டில் அவை ஓ.பி. வரிசையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தன.

அங்கே ஊசி போடுகிற நர்ஸ், கனகவல்லி என்கிற நாரை. தலையில் வெள்ளைத் தொப்பி. அந்தத் தொப்பி என்றால் அவளுக்கு உயிர். மழை வந்தால், தான் நனைந்து தொப்பியை இறக்கைக்குள் வைத்துக்கொள்வாள். யாருக்கு ஊசி போட்டாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "ஒன்னுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். கண்ண மூடிக்கங்க."

சடையப்பன் என்கிற கரடியாருக்கும் இதைச் சொல்லித்தான் இடுப்பில் குத்தினாள். கரடியார் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த பழமெல்லாம் கொட்டியது. நேராக மரமேறியவர் சாயங்காலம்தான் இறங்கினார். இறங்கியதும் வக்கீல் நரியின் வீட்டுக்குப் போனார்.

"எறும்புக் கடிக்குத்தான் நான் சம்மதிச்சேன். இவ குத்துனது கடப்பாரை. இவ தொப்பியப் பறிக்கணும்!"

வழக்கு பதிவானது. கனகவல்லிக்குக் கை கால் ஓடவில்லை. தொப்பி போனால் அவள் நர்ஸ் இல்லை, குளத்தோரம் ஒற்றைக்காலில் நிற்கிற இன்னொரு நாரை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி நிர்வாகம் அவளைப் பேச்சுத்திறன் பயிற்சிக்கு அனுப்பியது. வகுப்பெடுத்தது ஓர் ஆமை. முதல் வாக்கியத்தை முடிக்கவே மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது.

"நோயாளிகிட்ட... உண்மைய... மறைக்காத. கோர்ட்டுல... கேட்டதுக்கு மேல... பேசாத."

கனகவல்லி சொன்னதை அப்படியே செய்கிற ரகம். மறுநாள் வரிசையில் முதலில் வந்த மானிடம் உண்மையைச் சொன்னாள். "குத்துவேன். வலிக்கும். வீங்கும். ஊசி வளைஞ்சிட்டா உருவிட்டு மறுபடி குத்துவேன்."

அதற்கு மேல் அவள் சொன்னது மானின் காதில் விழவில்லை. மான் அதற்குள் மூன்று மலை தாண்டியிருந்தது. பின்னால் நின்ற சிங்கம் எழுந்து, "எனக்கு இப்ப பரவால்ல சிஸ்டர்" என்று பிடரியைச் சரிசெய்தபடி நடையைக் கட்டியது. வரிசை காலி.

அப்புறம் விசாரணை நாள் வந்தது. நீதிபதி யானை வந்து அமர்ந்தார். நரி வக்கீல் கறுப்புக் கோட்டை உதறிக்கொண்டு கூண்டருகே போனார்.

"எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் ஐயா."

"எந்த எறும்பு? பிள்ளையார் எறும்பா? கட்டெறும்பா?"

கனகவல்லி யோசித்தாள். கேட்டதற்கு மேல் பேசக்கூடாதே. "பேர் விசாரிக்கல ஐயா."

கோர்ட்டே சிரித்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கரடியார் எழுந்து மார்தட்டினார். "நான் தெனமும் எறும்பு திங்கிறவன். எறும்புக் கடி எனக்குத் தெரியாதா? எறும்பு கடிச்சு நான் எந்த மரத்துலயும் ஏறுனதில்ல!"

நீதிபதி தும்பிக்கையால் மேசையைத் தட்டினார். "வாய்ப்பேச்சு எதுக்கு? ஒரு எறும்பக் கூப்பிடுங்க. ஊசி போட்ட அதே எடத்துல கடிக்கட்டும். ரெண்டும் ஒன்னா இல்லையான்னு தெரிஞ்சிடும்."

கூப்பிடுவதற்கு முன்பே ஒரு கட்டெறும்பு ஓடி வந்தது. "நான் கடிக்கிறேன் ஐயா! எங்க குடும்பத்துல பாதிப்பேர் இவரு வயித்துலதான் இருக்காங்க."

கரடியார் இடுப்பைப் பொத்திக்கொண்டார். இடுப்பில் வீக்கம் இன்னும் வடியவில்லை. எறும்பு மெதுவாக, ரசித்து, காலில் ஏறியது. கரடியார் சுற்றுமுற்றும் பார்த்தார். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. வழக்கு, வக்கீல் எல்லாம் மறந்துபோய் அவள் இறக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், வலிக்குமா?"

பாவம், பெரிய உடம்பு இப்படி நடுங்குகிறதே என்று கனகவல்லிக்கு மனசு இளகியது. ஆமையும் பயிற்சியும் எங்கேயோ போயின. அவர் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"ஒன்னுமில்ல அண்ணே. ஊசி போட்ட மாதிரிதான் இருக்கும். கண்ண மூடிக்கங்க."

அடுத்த நிமிஷம் கரடியார் கோர்ட் வாசல் ஆலமரத்தின் உச்சியில் இருந்தார். "கேஸ் வாபஸ்!" என்ற குரல் மட்டும் கீழே வந்தது.

நீதிபதி தீர்ப்பைச் சொன்னார்: "ஊசி எறும்பு மாதிரி, எறும்பு ஊசி மாதிரி. புகார் கொடுத்தவரே மரமேறி ஒத்துக்கிட்டார். தொப்பி நர்ஸுக்கே."

கனகவல்லி தொப்பியை இறுக்கிக் கும்பிட்டாள். எல்லோரும் கலைந்ததும் யானை அவளைக் கிட்டே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ஒரு தடுப்பூசி பாக்கி இருக்கும்மா. போட்டுடு. ஆனா எறும்புன்னு மட்டும் சொல்லாத. தும்பிக்கை கூசுது."

"சரிங்க ஐயா. ஒன்னுமில்ல, கொசு கடிச்ச மாதிரி இருக்கும்."

யானை நிம்மதியாகக் கண்ணை மூடினார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கொசு மட்டும் மூடவில்லை. அது விர்ரென்று பறந்துபோய், வாசலில் கோட்டை மடித்துக்கொண்டிருந்த நரியின் காதில் ஏதோ சொன்னது. நரி கோட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

நீதி: நோயாளிக்கு ஆறுதல் சொல்லும்போது, வக்கீல் வைக்க வசதியில்லாத பிராணியாகப் பார்த்து உவமை சொல்லவும்.