ஆமென் சொல்லி வெட்டிய கிணறு

கிருபைநல்லூர்,
1911ஆம் வருஷம், ஆகஸ்டு மாதம்.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் அப்பாத்துரை அவர்களுக்கு, மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் எலியேசர் வந்தனம் சொல்லி எழுதுவது. இங்கே யாவரும் சுகம். அப்படி எழுதுவதுதான் மரியாதை என்பதால் எழுதியிருக்கிறேன். உள்ள நிலவரத்தைக் கீழே பார்த்துக்கொள்ளும். கொழும்பில் உமக்கும் பியூலாவுக்கும் பிள்ளைகளுக்கும் தேகசௌக்கியம் எப்படி என்று அறிய ஆவல்.

நடந்த அத்தனைக்கும் காரணம் நீர்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீமையில் ராஜாவின் மந்திரி வருஷாவருஷம் கையில் ஒரு பெட்டியோடு சபைக்கு வந்து, ஜனங்களிடம் வாங்குகிற வரி எவ்வளவு, அதை எதற்கெல்லாம் செலவழிக்கப் போகிறோம் என்று மணிக்கணக்காக நின்று வாசிக்கிறார், எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் துருவித் துருவிக் கேட்கிறார்கள், பிரான்சு தேசத்திலும் இப்படித்தான் என்று போன கடிதத்தில் எழுதினீர் அல்லவா? அதை வாசித்துவிட்டு நான் சும்மா இருந்திருக்கலாம். முடியவில்லை. ராஜாவின் மந்திரியே நின்றுகொண்டு கணக்கு வாசிக்கும்போது, நம்மிடம் வீட்டுவரி வாங்குகிற யூனியன் சேர்மன் ஐயம்பெருமாள் அண்ணாச்சி வாசித்தால் என்ன குறைந்துபோகும் என்று தோன்றிவிட்டது.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விவரம். கீழத்தெருவில் குடிதண்ணீர்க் கிணறு வெட்டப் போன வருஷமே உத்தரவாகி, நாலு கல்லைக் கொண்டுவந்து போட்டார்கள். அந்தக் கல்லில் ஆடு படுத்திருக்கிறது; கிணற்றைக் காணோம். உம்முடைய தங்கை சாலோமியோ ஏரலில் வீட்டு வாசலை விட்டு இறங்கினால் ஆறு என்று வளர்ந்தவள். இந்த ராதாபுரத்துப் பக்கத்துக் காட்டுக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல் பனங்காட்டைத் தாண்டிப் போய்த்தான் தண்ணீர் சுமக்கிறாள். ஒவ்வொரு குடத்துக்கும் தாமிரபரணியை ஒருதரம் நினைத்து, என்னையும் ஒருதரம் நினைக்கிறாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் கிரேஸ், அம்மாவுக்கு இடுப்பு வலி என்று தானே குடத்தை எடுத்துக்கொண்டு போய், வழியில் மணல் சறுக்கி விழுந்துவிட்டாள். குடம் போயிற்று; வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவச்சி சொன்னாள். அவள் சொல்லுகிற வரையில் என் உயிர் என்னிடம் இல்லை.

மறுநாளே சேர்மனிடம் போய், கணக்கை ஊரறிய வாசிக்க வேண்டும் என்றேன். சண்டைக்கு வருவார் என்று தயாராகப் போனவனுக்கு மோர் கொடுத்து உபசரித்து, “தாராளமா வாசிப்போம், வாத்தியாரே. உங்க பள்ளிக்கூடத்துலயே வச்சுக்கிடுவோம்” என்றார். நான் சந்தோஷத்தில் மிதந்து வீட்டுக்கு வந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தில்தானே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் நடக்கிறது என்கிற யோசனை எனக்கு வரவில்லை. அவருக்கு வந்ததா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஊரெல்லாம் வந்து, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும், அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். யூனியன் குமாஸ்தா கொம்பையா எழுந்து இழுத்து இழுத்து வாசித்தார். தெருவிளக்குக்கு எண்ணெய் வாங்கிய வகையில் இவ்வளவு, தோட்டிச் சம்பளம் இவ்வளவு என்று போய்க்கொண்டே இருந்தது. நம்முடைய சபையில் பண்டிகைதோறும் வரவுசெலவு வாசிப்பதும், வாசித்து முடிந்ததும் எல்லோரும் எழுந்து ஆமென் சொல்லுவதும் உமக்குத் தெரியாததல்ல. ஆராதனைக்கு மணியடிக்கிற சுவிசேஷமுத்து முன் பெஞ்சில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். “கீழத்தெருவில் கிணறு வெட்டி முடித்த வகையில்” என்று ஒரு தொகையைச் சொல்லிக் கொம்பையா நிறுத்தினாரோ இல்லையோ, சத்தம் நின்றதில் விழித்துக்கொண்ட சுவிசேஷமுத்து துள்ளி எழுந்து ஆமென் என்றார். சபை முழுவதும் எழுந்து நின்று ஆமென் என்றது. மறைக்க என்ன இருக்கிறது, நானும்தான் சொன்னேன். வாய் முந்திக்கொண்டது, புத்தி பின்னால் வந்தது.

சேர்மன் கொஞ்சம் திகைத்து, என்னைப் பார்த்து, “ஆமென்னா என்னவே அர்த்தம்?” என்று கேட்டார். ஒருவர் அர்த்தம் கேட்டால் சொல்லாமல் இருக்க என்னால் முடியுமா? அப்படியே ஆகக்கடவது என்று அர்த்தம் என்றேன். கொம்பையா அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. கிணறே இல்லையே அண்ணாச்சி என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. “ஊரே எந்திரிச்சு நின்னு ஆகட்டும்னு சொல்லிட்டுது. நீரு ஒருத்தர் மட்டும் ஆகலைங்கீரு. நான் யாரு சொல்லுததைக் கேக்க?” என்று சொல்லி மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது கீழத்தெருவில் கிணறு இருக்கிறது, மைத்துனரே, காகிதத்தில். ஆடும் அங்கேயே படுத்திருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்குச் சரியான தூக்கம் இல்லை. சுவிசேஷமுத்துவைத் திட்டலாம் என்று பார்த்தால், அவர் ஒருவர்தானா சொன்னார்? கணக்கை ஊரறிய வாசித்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வாசிப்பதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்க நம்மை நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்; நடுவில் எழுந்து, அது எங்கே இருக்கிறது, காட்டு என்று கேட்க ஒருவரும் பழக்கவில்லை. நான் எத்தனை பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன், கேள்வி கேட்டவனை எத்தனை தரம் பெஞ்சுமேல் ஏற்றினேன் என்று எண்ணிப் பார்க்கவே கூச்சமாயிருக்கிறது. சீமையில் அந்த மந்திரியைவிட, எதிரே உட்கார்ந்து கேட்கிறார்களே, அவர்கள்தான் பெரியவர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

சாலோமி இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கவில்லை. “அங்கன நின்னு ஆமென் சொல்லிட்டு இங்கன வந்து புலம்புதீங்க. பிள்ளை பொறக்கதுக்குள்ள தண்ணி வரணும்” என்றாள். கோயிலுக்கு எடுத்துவைக்கிற பிடியரிசியைப் போல, உலை வைக்கும்போதெல்லாம் கிணற்றுக்கென்று இன்னொரு பிடி எடுத்துவைக்கும்படி கீழத்தெருப் பெண்களிடம் சொல்லிவிட்டாள். அந்த அரிசியைச் சந்தையில் விற்று வெட்டுக்கூலி கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஆட்டை எழுப்பிவிட்டு, கல் கிடந்த இடத்திலேயே வெட்டத் தொடங்கியாயிற்று. நேற்று ஈரமண் வந்தது. கிரேஸ் அதைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆகையால் இந்தக் கடிதத்தைக் கொழும்பில் ஏதாவது பத்திரிகையில் அச்சுப்போட ஏற்பாடு செய்யவும். எந்தத் தேசமானாலும், பொதுப்பணத்தைத் தொட்டவன் எவனானாலும் கணக்குச் சொல்ல வேண்டும், கேட்கிறவர்கள் கூசாமல் கேட்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லும். கர்த்தர் உம்முடைய போக்கையும் வரத்தையும் காப்பாராக. பியூலாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய அன்பும்.

இப்படிக்கு,
எலியேசர்.

பின்குறிப்பு: அச்சுப்போட வேண்டாம். மேலே கண்டதைச் சாலோமியிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ரொம்பச் சரி, வருகிற ஞாயிற்றுக்கிழமை பிடியரிசிக் கணக்கை நீங்கள் வாசியுங்கள், நாங்கள் கேட்டு முடிக்கிற வரையில் ஒருவரும் ஆமென் சொல்லக்கூடாது என்கிறாள். என்னிடமா கணக்குக் கேட்பது? நான் என்ன ஐயம்பெருமாளா? சந்தைக்கு அரிசி கொண்டுபோகும்போது நனைந்துவிடக் கூடாதே என்று அந்தக் காசில் ஒரு குடை வாங்கினேன், அவ்வளவுதான். இந்தப் பக்கம் மழை பெய்வதில்லை என்று அதற்குள் தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். நம்பிக்கை இல்லாத உலகம். சுவிசேஷமுத்துவைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை நேரத்தோடு வந்து முன் பெஞ்சிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன்.