நான்கு சக்கரமும் இழுக்கும் மனிதர்

வடக்கு நார்வேயில் பனிக்காலத்தில் மட்டும் முழுச் சிறப்போடு காணக் கிடைக்கும் ஓர் இனத்தைப் பற்றி உங்களிடம் சொல்லவேண்டும். கரடி அல்ல. கலைமானும் அல்ல. கலைமான்கூட வழுக்கும் சாலையில் காலைப் பார்த்துத்தான் வைக்கும். நான் சொல்லும் இனம் பார்க்காது. பார்க்க வேண்டிய தேவை தீர்ந்துவிட்டதென்று அது மனதார நம்புகிறது, ஏனென்றால் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற மின்சாரக் கார் ஒன்று அதன் வாசலில் நிற்கிறது.

எப்படி அடையாளம் காண்பது? சுலபம். அவரை ஒரு காப்பி மேசையில் உட்கார வையுங்கள். பேச்சு காட் மீனின் விலையில் தொடங்கட்டும், புதுப் பாதிரியாரின் பிரசங்கத்தில் தொடங்கட்டும். இரண்டாவது கோப்பை காலியாவதற்குள் அது அவர் காருக்கு வந்து நிற்கும். முழங்கால் அறுவை முடிந்து ஊன்றுகோலோடு வந்தவரிடம், "பாவம் நீ, ஒரு கால் வழுக்கினா இன்னொண்ணுதான் இருக்கு. என் வண்டியில பாரு, ஒரு சக்கரம் வழுக்கினா மத்த மூணும் பேசி வச்சுக்கும்" என்று ஆறுதல் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அப்படிச் சொன்னவர் ஹால்வார். எங்கள் தெருக்காரர், நகராட்சித் தண்ணீர்ப் பிரிவில் வேலை, வயது ஐம்பத்தெட்டு. நல்ல மனிதர். இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது; கெட்டவர்களுக்கு இத்தனை விளக்கம் சொல்லப் பொறுமை இருக்காது.

காலையில் அவருக்கு ஒரு சடங்கு உண்டு. சமையலறை ஜன்னலோரம் காப்பியோடு நிற்பார். எதிர்வீட்டு மாங்ஹில்ட், எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற தாதி, தன் பழைய சின்ன காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருப்பார். ஹால்வார் கைப்பேசியை எடுத்து ஒரு விரலால் தொடுவார். வாசலில் நிற்கும் காருக்குள் சூடு பரவும், கண்ணாடி தானாக வியர்க்கும். அதன் பிறகும் பத்து நிமிடம் ஜன்னலைவிட்டு நகரமாட்டார். மாங்ஹில்ட் நிமிர்ந்து பார்க்கவேண்டும் அல்லவா?

மாங்ஹில்ட் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சரி, இப்படிப்பட்டவர் டயரைப் பற்றி என்ன நினைப்பார்? எங்கள் ஊரில் அக்டோபர் வந்தால் கொட்டகையிலிருந்து ஆணி டயர்கள் வெளியே வரும். ரப்பரில் பதித்த சின்னச் சின்ன உலோக ஆணிகள் பனிக்கட்டியைக் கடித்துப் பிடிக்கும், காய்ந்த சாலையில் கடகடவென்று சத்தமும் போடும். அந்தச் சத்தம் ஹால்வாருக்கு ஆகாது. அது காரின் அமைதியைக் கெடுக்கிறது; அதைவிட மோசம், ஒரு சார்ஜில் போகிற தூரத்தில் சில கிலோமீட்டரைத் தின்றுவிடுகிறது. அதனால் அவர் போட்டிருப்பது ஆணியில்லாத பனிக்கால டயர். நல்ல டயர்தான், முதல் பனிக்காலத்தில். இது அவற்றுக்கு நான்காவது.

"சட்டப்படி டயர் பள்ளம் மூணு மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும். மூணரை இருக்கு" என்பார், அளவுகோலை எடுத்துக் காட்டி. "மீதியைக் கம்ப்யூட்டர் பாத்துக்கும். அது நொடிக்கு ஆயிரம் தடவை யோசிக்குது."

"நீ ஒரு தடவை யோசி, போதும்" என்பாள் அவர் மனைவி குன்வோர்.

மாங்ஹில்ட் ஒரே ஒருமுறை இந்த விவாதத்தில் கலந்துகொண்டார். தபால்பெட்டி அருகில், கையில் செய்தித்தாளோடு. "ஏம்ப்பா ஹால்வார், கிளம்பறதுக்கு உனக்கு நாலு சக்கரம், எனக்கு ரெண்டு. ஒத்துக்கறேன். ஆனா நிக்கறதுக்கு எல்லார்க்கும் நாலுதானே?"

ஹால்வார் சிரித்தார். ஒரு குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல. பிறகு முறுக்குவிசை பற்றி இருபது நிமிடம் பேசினார். அவருக்கு வண்டி நிற்பது ஒரு விஷயமே அல்ல. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே அந்தக் கார் தானாக வேகம் குறையும், குறைகிற வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குள் சேர்த்துக்கொள்ளும். பிரேக்கை அவர் தொட்டே மூன்று வாரம் ஆகிறதாம்.

பிப்ரவரியில் குன்வோருக்கு ஒரு கடிதம் வந்தது. கணவாய்க்கு அந்தப்பக்கம் இருக்கும் அக்கா ஆஸ்லாகுக்கு அறுபது வயது நிறைகிறது, சனிக்கிழமை மூன்று மணிக்கு விருந்து. இதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். அப்பா விட்டுப்போன படகுக் கொட்டகையை விற்பதா வேண்டாமா என்று தொடங்கி, அக்காவும் தங்கையும் நான்கு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அச்சடித்த அழைப்பின் அடியில் பேனாவால் ஒரு வரி: "வளையக் கேக் நீ செய்தால்தான் சரியாக வரும்."

குன்வோர் அந்த வரியைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். மூன்று நாள் பாதாம் அரைத்தாள். பதினெட்டு வளையங்கள், பெரியதிலிருந்து சின்னது வரை, ஒன்றின்மேல் ஒன்றாகச் சர்க்கரைப் பாகில் ஒட்டி, முழங்கை உயரத்துக்கு ஒரு கோபுரம். சுற்றிலும் காகிதக் கொடிகள். இப்படியொரு கேக்கைப் பின்பெட்டியில் வைக்க முடியாது. மடியில்தான் வைக்கவேண்டும், சுவாசத்தைக்கூட அளந்துதான் விடவேண்டும்.

"மூணு மணிக்குள்ள அங்க இருக்கணும், ஹால்வார். லேட்டா போனா வேணும்னே லேட்டா வந்தேன்னு நினைப்பா."

"இந்த வண்டியில நீ லேட்டா போனதுண்டா?"

சனிக்கிழமை காலை காற்று எழுந்தது. காற்று எழுந்தால் கணவாயைத் திறந்து விடமாட்டார்கள். தடுப்புக்கட்டை முன்னால் எல்லோரும் வரிசையில் நின்று, பனி அள்ளும் லாரி முன்னே போக, அதன் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போகவேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஒரு வரிசை புறப்படும், அதற்குப் பிறகு அன்றைக்குக் கிடையாது என்று வானொலியில் சொன்னார்கள். மாங்ஹில்ட் பத்தரைக்கே கிளம்பிவிட்டார், வழக்கமான சீட்டாட்டத்துக்கு, கணவாய் தாண்டி அண்ணன் வீட்டுக்கு. அந்தப்பக்கம் என் மகளைப் பார்க்கப் போகவேண்டியிருந்ததால் அவர் காரின் பின் இருக்கையில் நானும் இருந்தேன். எனக்குப் பக்கத்தில் அவருடைய நாய். ஆகையால் இனி நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டது.

ஹால்வார் பதினொன்றே காலுக்குக் கிளம்பினார். ஏற்றத்தில் எங்களைப் பிடித்தார். உண்மையைச் சொல்லவேண்டும்: அற்புதமாக ஏறினார். ஒரு மீன் லாரி சக்கரத்தில் பனிச்சங்கிலி கட்டுவதற்காக ஓரம் ஒதுங்கி நிற்கிறது, எங்கள் சின்ன கார் மூக்கைச் சிந்திக்கொண்டு இரண்டாவது கியரில் ஊர்கிறது, அவரோ சத்தமே இல்லாமல், பனித்தூளைக்கூடக் கிளப்பாமல், கையை ஆட்டிக்கொண்டே தாண்டிப் போகிறார். பக்கத்தில் குன்வோர், மடியில் கோபுரம், முகத்தில் ஒரு மெல்லிய நம்பிக்கை. நான்கு வருடத்தில் முதன்முறையாக அவளை அப்படிப் பார்த்தேன்.

"போகட்டும்" என்றார் மாங்ஹில்ட். "ஏறுறதுல அவன் கெட்டிக்காரன்."

தடுப்புக்கட்டைக்கு முன்னால் சாலை ஒரு சின்ன இறக்கமாக இறங்கும். காலையிலிருந்து நின்று கிளம்பிய வண்டிகளின் சக்கரங்கள் அந்த இடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கி வைத்திருந்தன. நாங்கள் மேலே வந்தபோது ஹால்வார் அந்த இறக்கத்தின் நடுவில் இருந்தார். வேகம் அதிகமில்லை. அவர் காலை எடுத்தார். சக்கரங்கள் வேகத்தைக் குறைத்தன. வண்டி குறைக்கவில்லை.

இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு பொருள் அவசரமே படாமல் சறுக்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நடக்கிற வேகம்தான். வரிசையில் நின்ற வண்டிகளை ஒவ்வொன்றாகக் கடந்து, பக்கவாட்டில் லேசாகத் திரும்பியபடி, எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒழுங்காக மின்ன, அணிவகுப்பு மரியாதை ஏற்றுக்கொண்டு போகும் தளபதிபோல அது போனது. உள்ளே ஹால்வாருக்குப் பேச நிறைய நேரம் இருந்தது. "பயப்படாதே, அது கணக்குப் போட்டுக்கிட்டிருக்கு" என்றாராம். குன்வோர் கேக்கை இரண்டு கையாலும் மடியிலிருந்து தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டாள். பனிலாரி ஓட்டுநர் ஆர்வே காப்பிக் குடுவையோடு ஓரமாக இரண்டடி நகர்ந்து வழிவிட்டார். கார் தடுப்புக்கட்டைக்குப் பக்கத்திலிருந்த பனிமேட்டில் மெத்தையில் படுப்பதுபோல ஏறி நின்றது.

நான்கு சக்கரமும் சுழன்றன. வயிறு மேட்டில் உட்கார்ந்துவிட்டதால் எதுவும் எதையும் தொடவில்லை.

ஆர்வே குனிந்து பார்த்தார். "நாலும் சுத்துது" என்றார். "ஒரு குறையும் சொல்ல முடியாது."

"டயர் கொஞ்சம் சூடாகணும், அவ்வளவுதான்."

"மண்வெட்டி எடு. முன்னாடி கொஞ்சம் தோண்டினா இழுத்து விடலாம். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

ஹால்வார் கையுறையைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊரில் பனிக்காலத்தில் மண்வெட்டி இல்லாமல் கணவாய்க்கு வருவது கால்சட்டை இல்லாமல் தேவாலயத்துக்கு வருவதுபோல. வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். அது சிரிப்பதைவிடக் கொடுமை.

"இந்த வண்டிக்கு அது தேவைப்படாதுன்னு..." என்று ஆரம்பித்தார் ஹால்வார்.

"சரி" என்றார் ஆர்வே. "மண்வெட்டி இருந்தாலும் இந்த டயரோட உன்னை மேல கூட்டிட்டுப் போகமாட்டேன். பின்னால இருபது வண்டி இருக்கு. கீழேருந்து டிராக்டர் வரச் சொல்றேன், மூணு மணி நேரமாகும், நாலும் ஆகும். சார்ஜ் இருக்கா?"

"எண்பத்தொரு சதவீதம்" என்றார் ஹால்வார். அந்த நேரத்திலும் குரலில் ஒரு பெருமை இருந்ததை நான் கவனிக்காமலில்லை.

குன்வோர் அதற்குள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். காற்றுக்கு முதுகு காட்டிக் கேக்கைப் பிடித்துக்கொண்டு, முழங்காலளவு பனியில் இறங்கி நின்றாள்.

"ஹால்வார், நான் போறேன்."

"ரெண்டே நிமிஷம், குன்வோர். இதுக்குன்னு ஒரு பட்டன் இருக்கு."

"அமுக்கிட்டு மெதுவா வா."

மாங்ஹில்ட் உள்ளிருந்தே எங்கள் காரின் முன் கதவைத் திறந்துவிட்டார். முன் இருக்கையில் கிடந்த தூண்டில் பெட்டியை எடுத்து என் மடியில் போட்டார், இருக்கையில் ஒட்டியிருந்த நாய்முடியைக் கையால் ஒருமுறை தட்டினார். குன்வோர் ஏறினாள். வரிசை நகர்ந்தது. வழியெல்லாம் அந்தக் கார் மீன் நாற்றமும் ஆணிச் சத்தமுமாகக் கடகடத்துக்கொண்டு போனது. குன்வோர் கேக்கையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓர் இடத்தில், "மேல மூணு வளையம் விரிசல் விட்டிருக்கு" என்றாள்.

"நாலு வருஷத்துக்கு மூணு விரிசல்னா பரவால்ல" என்றார் மாங்ஹில்ட்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்லாக் கதவைத் திறந்தாள். இரண்டு பேரும் கேக்கைத்தான் பார்த்துக்கொண்டார்கள். உதவிக்குக் கூட இறங்கி அடித்தட்டைப் பிடித்திருந்த எனக்குக் கை மரத்துப்போயிற்று.

"ஹால்வார் எங்க?" என்றாள் ஆஸ்லாக் கடைசியில்.

"கணவாய்ல. பனிமேட்டுமேல."

"அந்தப் புது வண்டியிலயா?"

"அதுலதான்."

"நாலு சக்கரமுமா?"

"நாலும்."

ஆஸ்லாக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் தோள்தான் குலுங்கியது, சத்தம் பிறகுதான் வந்தது. குன்வோரும் சிரித்தாள். படகுக் கொட்டகையைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. பேச அதைவிட நல்ல விஷயம் கிடைத்திருந்தது.

இதிலிருந்து ஹால்வார் என்ன கற்றுக்கொண்டார் என்று கேட்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மறுவாரம் காப்பி மேசையில் அவர் சொன்னதைக் கேளுங்கள்: வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு, டிராக்டர் வர நான்கு மணி நேரம், உள்ளே இருபத்தோரு டிகிரி, சட்டையோடு உட்கார்ந்திருந்தாராம், பேட்டரியில் குறைந்தது ஒன்பதே சதவீதமாம். "வேற எந்த வண்டியில இப்படிச் சொகுசா மாட்டிக்க முடியும், சொல்லு." ஆணி டயர் வாங்கினார், குன்வோர் வாங்கவைத்தாள். மண்வெட்டியும் வாங்கினார், அதன் கைப்பிடி எந்த உலோகக் கலவை, ஏன் அது மற்றவற்றைவிட மேல் என்பது இப்போது தெருவுக்கே தெரியும். காலையில் ஜன்னலோரம் நிற்பதை மட்டும் விட்டுவிட்டார். மாங்ஹில்டின் கண்ணாடியை அவரே சுரண்டுகிறார், சுரண்டும்போது எந்தக் கோணத்தில் சுரண்டவேண்டும் என்று விளக்கியபடி.

உங்கள் ஊரில் பனி இல்லை, அதனால் நீங்கள் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை என்று நிம்மதியாகப் படித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். நல்லது. அந்தக் கார் சறுக்க ஆரம்பித்த இடத்தில், "நானாயிருந்தா அங்க..." என்று உங்கள் மனதில் ஒரு வாக்கியம் ஓடியதா? போன மழைக்குப் பாலத்தடியில் தண்ணீர் நின்றபோது, "நம்ம வண்டி போகும்" என்று சொன்னது யார்? போயிருக்கலாம், மறுக்கவில்லை. அடுத்த முறை அப்படிச் சொல்லும்போது மட்டும் பக்கத்து இருக்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். மடியில் எதையோ பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருப்பவர், இன்னொரு கையால் ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டிருக்கலாம்.