குகதாசன் கண்ட நாகம்

பளை ஊரில் குகதாசனின் காணி வெறும் மணல். வெயில் ஏறினால் அதில் கால் வைக்க ஏலாது. அந்த மணலில்தான் விதை போட்டுத் தோட்டம் செய்வது என்று அவன் மனைவி நேசமலர் முடிவெடுத்தாள். தேங்காய்ப் பொச்சுமட்டையை மணலுக்குள் தாட்டாள், எருப் போட்டாள், கத்தரியும் வெண்டியும் கொத்தமல்லியும் விதைத்தாள், கிடுகால் நிழல் கட்டினாள். தண்ணீர் விடும் வேலையை மட்டும் புருஷனுக்குக் கொடுத்தாள். அவளுக்குப் பெரிய மனசு.

மோட்டர் பழுது. கிணற்றுத் தண்ணீரோ பாதாளத்தில். கயிறு இழுத்து இழுத்துக் குகதாசனின் கை கொப்பளித்தது. மணலோ விட்டதெல்லாம் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கிடந்தது. காய் பிடிக்கும்வரை இதே பாடு என்று நினைக்கவே அவனுக்குப் பயம். மாட்டேன் என்று நேசமலரிடம் சொல்ல அதைவிடப் பயம். பொய் சொல்லுவது என்று தீர்மானித்தான். மானமுள்ள ஆம்பிளை வேறென்னதான் செய்வான்?

"இஞ்சரப்பா நேசம், பாத்திக்குள்ள நாகம் கிடக்கு. படமெடுத்துச் சீறினது. இனி ஒருத்தரும் அந்தப் பக்கம் போகக்கூடாது."

உளுந்து அரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வடிவாக் கண்டனீங்களோ?"

"ஓம், இந்தக் கண்ணால கண்டனான்."

"அடிச்சனீங்களோ?"

"நல்லபாம்பை ஆரும் அடிப்பினமோ?"

"அதுதானே. அது நாகதம்பிரானப்பா. எங்கட தோட்டத்துக்குக் காவல் வந்திருக்கிறார்."

கையைக் கழுவிக்கொண்டு சாமியறைக்குப் போனாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து படத்தடியில் வைத்தாள். குகதாசன் பின்னாலேயே ஓடினான்.

"என்ன நேர்த்தியப்பா?"

"முதல் காய் பிடுங்கி அவருக்குப் பொங்கிப் படைக்குமட்டும் கண்ட ஆளே தண்ணி விடுவார் எண்டு. அதுவரைக்கும் மீன், இறைச்சி ஒரு மச்சமும் இல்லை."

"கண்ட ஆளோ?"

"நீங்கள்தானே கண்டனீங்கள்."

தெய்வத்தின் பேரில் பொய் சொல்லியாகிவிட்டது. நாகதம்பிரான் சும்மா விடுவாரா? அன்றிலிருந்து குகதாசன் கைதட்டிக்கொண்டேதான் பாத்திக்குள் இறங்கினான். கயிறு அசைந்தால் நாகம். கிடுகு சரசரத்தால் நாகம். ஒருநாள் தான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துத் தலைப்பே காலில் பட, வாளியை எறிந்துவிட்டுக் குசினிக்குள் ஓடினான்.

"திரும்பவும் கண்டனீங்களோ?"

"ஓ... ஓம்," என்றான். அது பொய்யா மெய்யா என்று அவனுக்கே தெரியவில்லை.

இன்னொருநாள் காய்ச்சல் என்று போர்த்துப் படுத்தான். தலைமாட்டில் ஏதோ சீறியது. பாய்ந்தோடிப் போய்த் தண்ணீர் அள்ளினான். பாத்தி முழுக்க நனைந்த பிறகுதான் சீறியது குசினியில் இருந்த குக்கர் என்று தெரிந்தது. விதைகள் முளைத்தன. ஒவ்வொரு முளைக்கும் முன்னால் குந்தியிருந்து, "தம்பிரானே, பொறுத்துக்கொள்ளும்," என்று கெஞ்சினான். சோறு இறங்கவில்லை. ஆள் பாதியாகிப் போனான்.

கத்தரி பூத்த அன்று அவனால் தாங்க முடியவில்லை. நேசமலருக்கு முன்னால் போய் நின்றான்.

"நேசம், கோவிக்காதை. நான் பாம்பு ஒண்டும் காணேல்லை. தண்ணி அள்ளுற பஞ்சியில பொய் சொன்னனான்."

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். பாம்பைக் கண்டிருந்தா நீங்கள் பளையிலயே நிண்டிருக்க மாட்டீங்கள்."

குகதாசனுக்கு மூச்சு வந்தது. மச்சச் சட்டியின் மணமே மூக்கில் அடித்தது.

"அப்ப இனித் தண்ணி விடத் தேவையில்லை, என்ன?"

"பாம்புதானேயப்பா பொய். நேர்த்தி நான் உண்மையாத்தான் வைச்சனான்."