முக்கோணத்தில் என் பாதி

வீட்டில் எனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று நாற்பத்தாறாவது வயதில் முடிவெடுத்தேன். வாரத்தில் ஆறு நாள் தபால் ஆபீசில் நின்றபடியே கடிதம் பிரிக்கிறவன் நான். ஏழாவது நாளாவது படுக்க வேண்டாமா? கூடத்தில் படுக்க வழியில்லை. என் மனைவி தையல்காரி. அங்கே அவளுடைய மெஷின் ஓடுகிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் என் காலைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள். ஒரு அம்மாள் துணிமூட்டையை என் வயிற்றின் மேலேயே வைத்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு முக்கோண நிலம் சும்மா கிடந்தது. எங்கள் சமையலறைச் சுவர் ஒரு பக்கம், பதினெட்டு அடி. அதற்குச் செங்குத்தாகப் பக்கத்து வீட்டுச் சுவர், இருபத்து நான்கு அடி. இரண்டையும் சாய்வாக இணைத்தது தெருச்சுவர், முப்பது அடி. எனக்கு அங்கே கட்டில் போட ஆசை. அவளுக்குக் கொட்டகை போட்டு மெஷினைக் கொண்டுபோக ஆசை. ஆளுக்குப் பாதி என்று பேசிக்கொண்டோம்.

பிரிக்கும் பொறுப்பை நானே ஏற்றேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் புலி. செங்கோண மூலையில் பாகைமானி வைத்து, தொண்ணூறை நாற்பத்தைந்தும் நாற்பத்தைந்துமாகப் பிரித்துக் காகிதத்தில் கோடு போட்டேன். சமையலறைப் பக்கம் அவளுக்கு, மற்றது எனக்கு. நியாயம் என் பக்கம் இருந்தது. நீளமான பக்கமும் என் பக்கம் இருந்தது.

அவள் படத்தைக் கத்தரித்தாள். என் கோட்டிலேயே மடித்தாள். அவள் பங்கு என் பங்கின் மேல் ஒழுங்காகப் படிந்தது. என்னுடையது மட்டும் ஓரத்தில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"இந்த மிச்சத் துணி யாருக்குங்க?"

"கோணம் சமந்தானே?"

"கோணம் சமந்தான். துணி சமமில்லையே."

பிறகு அதே மூலையிலிருந்து தெருச்சுவரின் நடுப்புள்ளிக்கு அவள் ஒரு கோடு இழுத்து, இதுதான் சரிபாதி என்றாள். ஒரு துண்டு குண்டாக இருந்தது. இன்னொன்று நீண்டு ஒல்லியாக இருந்தது. எப்படி மடித்தாலும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை. இது எப்படிச் சமமாகும்? டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தெருச்சுவரை அடிப்பக்கமாக வைத்துப் பாருங்கள், ஆளுக்குப் பதினைந்து அடி, மூலையிலிருந்து சுவருக்கு உள்ள உயரமும் இரண்டுக்கும் ஒன்றேதான் என்றாள். டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். உயரம் பதினான்கு புள்ளி நான்கு. பதினைந்தால் பெருக்கி, பாதியாக்கினேன். நூற்றெட்டு சதுர அடி. அதுவும் நூற்றெட்டு, இதுவும் நூற்றெட்டு. பள்ளியில் நான் மனப்பாடமாக ஒப்பித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். இவளோ தினமும் துணியில் பார்க்கிறாளாம்.

எந்தப் பாதி வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். அவள் உள்ளே போனதும் மறுபடி அளந்தேன். குண்டுத் துண்டுக்குச் சுற்றளவு நாற்பத்தெட்டு அடி. ஒல்லிக்கு ஐம்பத்து நான்கு. பரப்பு ஒன்றுதான் என்றாலும் சுற்றி ஆறு அடி லாபம். ஒல்லியை எடுத்துக்கொண்டேன். அவள் மனசு மாறுவதற்குள் நடுவில் கயிறும் கட்டினேன், கட்டிலும் போட்டேன்.

விடுமுறை நாள் வந்தது. தலையணையோடு சமையலறைக்குள் நுழைந்தேன். நிலத்துக்குப் போக இருப்பது ஒரே கதவு, சமையலறைக் கதவு. அதைத் தாண்டிக் காலை வைத்தால் அது அவள் பங்கு. வாசற்படியை ஒட்டி அவள் போட்ட புதுக் கொட்டகையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"என் பங்குக்கு."

"தாராளமா போங்க. என் பங்கு வழியாத்தானே போகணும்? இந்த ஆறு சட்டைக்கும் பட்டன் தச்சுட்டுப் போங்க."

இப்போதெல்லாம் நான் பட்டன் பிரமாதமாகத் தைக்கிறேன். கட்டிலில்தான் இன்னும் படுத்துப் பார்க்கவில்லை.